நடுப்பெயரில் தாய்வீட்டுப் பங்கு

1806 ஏப்ரல் 9 அன்று இங்கிலாந்தின் துறைமுக நகரமான போர்ட்ஸ்மவுத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை மார்க் இஸம்பார்ட் புருனெல் பொறியாளர். பிரெஞ்சுப் புரட்சியின்போது நாட்டை விட்டுத் தப்பிய நார்மண்டிக்காரர். தாய் சோஃபியா கிங்டம், பிளிமவுத்தைச் சேர்ந்த ஆங்கிலப் பெண். புரட்சிக் காலத்தில் பிரான்சில் அகப்பட்டுக்கொண்டு, ஆங்கிலேயர் என்பதற்காகவே சிறையிருந்தவர். இருவரும் ரூவான் நகரில் ஒருவரையொருவர் விரும்பிப் பிரிந்து, ஆறு ஆண்டுகள் கழித்து 1799இல் லண்டனில் மணந்துகொண்டார்கள். இரண்டு பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே மகனுக்கு அவர்கள் வைத்த பெயர் இஸம்பார்ட் கிங்டம் புருனெல்.

பின்னாளில் கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதையைப் போட்டவர், அட்லாண்டிக்குக்கு அடியில் தந்திக் கம்பி இழுத்த கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பெருங்கப்பலை வடிவமைத்தவர் இந்தப் பிள்ளைதான். 1870இல் பம்பாயையும் ஏடனையும் கடலடிக் கம்பியால் இணைத்ததும் அதே கப்பல். ஆனால் இந்தக் கட்டுரைக்கு அவருடைய பாலங்களைவிடப் பெயர்தான் முக்கியம். முதற்பெயர் தந்தை புழங்கிய பெயர். கடைசிப் பெயர் தந்தையின் குடும்பப் பெயர். நடுவில் நிற்கும் கிங்டம், தாய் பிறந்த வீட்டின் பெயர். மணமானதும் சோஃபியாவின் கையெழுத்திலிருந்து மறைந்துவிட்ட அந்தச் சொல், மகனின் பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆண் குழந்தையின் முதற்பெயருக்குப் பொருத்தமான மிடில் நேம் எது என்று ஆங்கிலம் பேசும் நாடுகளின் இளம் பெற்றோர் இன்று தேடும்போது, பெரும்பாலும் ஓசையைத்தான் கேட்கிறார்கள்: எது வழுக்கிக்கொண்டு போகும், எது காதில் இடறும். ஓசை முக்கியம்தான், அதைப் பற்றிக் கீழே விரிவாகப் பேசுகிறேன். ஆனால் நடுப்பெயர் என்ற இடம் உருவானதன் வரலாற்றைப் புரட்டினால், அந்த இடம் யாரோ ஒருவரை நினைவில் வைத்துக்கொள்வதற்காக ஒதுக்கப்பட்டது என்பது தெரியும். அதிலும் ஆண் பிள்ளைகளின் நடுப்பெயர், குடும்பப் பெயரில் இடம் கிடைக்காத தாய்வழியினர் தங்கள் பங்கைப் பெற்றுக்கொண்ட இடம். வெறும் ஓசை நிரப்பியாக அதைச் சுருக்குவது பெரிய இழப்பு என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் நடுப்பெயர் பழைய வழக்கமே அல்ல. அறிஞர் வில்லியம் கேம்டன் 1605இல் வெளியிட்ட நூலில், இரண்டு ஞானஸ்நானப் பெயர்கள் தம் நாட்டில் அரிது என்று எழுதி, நினைவுக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். சார்லஸ் ஜேம்ஸ் என்று ஞானஸ்நானம் பெற்றிருந்த மன்னர் முதலாம் ஜேம்ஸ், அவர் மகன் ஹென்றி ஃப்ரெடரிக், அரச குடும்பத்துக்கு வெளியே இன்னும் இருவர். நாடு முழுவதற்கும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிய கணக்கு அது. சட்ட மேதை எட்வர்ட் கோக், ஒருவருக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருக்கலாம், ஞானஸ்நானப் பெயர் மட்டும் ஒன்றுதான் என்று 1628இல் எழுதிவைத்தார். அந்தக் கருத்து நீதிமன்றங்களில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம்கூட 1830இல் ஒரு வழக்கில், ஆவணம் ஒன்றில் நடு எழுத்து மாறியிருந்ததைப் பொருட்படுத்தவில்லை. சட்டத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு கிறித்தவப் பெயர்தான் என்றது.

ஐரோப்பாவின் கத்தோலிக்க நாடுகளில் நிலைமை வேறு. அங்கே குழந்தைக்குப் பல பெயர்கள் சேர்ந்தே வந்தன. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் ஒருவர் இருந்தார். 1756 ஜனவரி 28 அன்று சால்ஸ்பர்க் பேராலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் பெயரை லத்தீனில் யோஹான்னஸ் கிரிசோஸ்தமுஸ் வோல்ஃப்காங்குஸ் தியோஃபிலுஸ் என்று பதிந்தார்கள். முதல் இரண்டும், குழந்தை பிறந்த ஜனவரி 27 அருளப்பர் கிறிசோஸ்தோமின் திருநாள் என்பதால் வந்தவை. வோல்ஃப்காங் தாயின் தந்தையுடைய பெயர். தியோஃபிலுஸ் ஞானத்தந்தையின் பெயர். பிறகு அமடேயுஸ் என்ற வடிவத்தில் புகழ்பெற்றது அதுதான். நாள்காட்டி கொடுத்த பெயர்கள் பதிவேட்டோடு நின்றுவிட்டன. உலகம் இன்று இசைமேதை மொசார்ட்டை அழைப்பது தாய்வழித் தாத்தாவின் பெயரால்.

இங்கிலாந்தில் அரச குடும்பத்தையும் பிரபுக்களையும் பார்த்து இந்தப் பழக்கம் மெல்லக் கீழே இறங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் செல்வந்தர்களிடையே பரவி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதாரணக் குடும்பங்களை எட்டியது. காரணங்களில் ஒன்று மிகவும் நடைமுறை சார்ந்தது. ஜான், வில்லியம், தாமஸ் என்ற மூன்று பெயர்களையே ஊர் முழுக்க மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளை அடையாளம் காண இன்னொரு சொல் தேவைப்பட்டது. இன்னொரு காரணம் சட்டம். திருமணத்துக்குப் பிறகு கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1765இல் விளக்கி எழுதினார். அந்த ஒரே ஆள் நடைமுறையில் கணவன்தான். சொத்து போலவே பெயரும் அவனுடையது ஆனது. மணமான பெண்கள் தம் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முழு உரிமை தந்த ஆங்கிலச் சட்டம் 1882இல்தான் வந்தது. அதுவரைக்கும் அதற்குப் பிறகும், பெண் பிறந்த வீட்டின் பெயரைக் காப்பாற்றத் திறந்திருந்த ஒரு வழி மகனின் நடுப்பெயர்.

அமெரிக்காவில் இதை ஒரு குடும்பத்துக்குள்ளேயே பார்க்கலாம். முதல் ஐந்து அதிபர்களான வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ ஆகியோருக்கு நடுப்பெயர் கிடையாது. ஆறாவது அதிபருக்கு உண்டு. 1767 ஜூலை 11 அன்று மாசசூசெட்சின் பிரெய்ன்ட்ரீ என்னும் ஊரில் ஜான் ஆடம்சுக்கும் அபிகேலுக்கும் மகன் பிறந்தபோது, அபிகேலின் தாயைப் பெற்ற கர்னல் ஜான் குவின்சி சாகும் தறுவாயில் இருந்தார். குழந்தைக்குத் தன் தந்தையின் பெயரை வைக்க வேண்டும் என்று அபிகேலின் தாய் கேட்டுக்கொண்டார். மறுநாளே ஞானஸ்நானம் நடந்தது. அதற்கு மறுநாள் கொள்ளுத்தாத்தா இறந்துபோனார். ஜான் குவின்சி ஆடம்ஸ் என்று குழந்தை வளர்ந்தது. அந்தப் பெயர் அன்பும் சாவும் கலந்த நேரத்தில் வந்தது என்பதையும், அதற்குக் களங்கம் வரும்படி எதையும் செய்யக்கூடாது என்று அது தன்னை வாழ்நாளெல்லாம் எச்சரித்துவந்தது என்பதையும் அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஜான் என்பது தந்தைக்கும் பொருந்தும், கொள்ளுத்தாத்தாவுக்கும் பொருந்தும். குவின்சி என்ற நடுச்சொல் அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்தது.

அதற்குப் பிறகு வந்த அதிபர்கள் பலரின் பெயர்களைத் தாய்களின் பட்டியலாகவே வாசிக்கலாம். ஜேம்ஸ் நாக்ஸ் போக்கின் தாய் ஜேன் நாக்ஸ். ரதர்ஃபோர்ட் பெர்ச்சர்ட் ஹேயஸின் தாய் சோஃபியா பெர்ச்சர்ட். ஃப்ராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட்டின் தாய் சாரா டெலனோ. ரிச்சர்ட் மில்ஹவுஸ் நிக்சனின் தாய் ஹன்னா மில்ஹவுஸ். ரொனால்ட் வில்சன் ரீகனின் தாய் நெல் வில்சன். கென்னடி வீட்டுக் கதை நமக்கு இன்னும் நெருக்கமாகப் படும். மூத்த மகனுக்குத் தந்தையின் பெயரை அப்படியே வைத்தார்கள்: ஜோசஃப் பேட்ரிக் கென்னடி ஜூனியர். இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா, பாஸ்டன் மேயராக இருந்த ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டின் பெயர். மூத்தவனுக்கு அப்பா வழி, அடுத்தவனுக்கு அம்மா வழி என்று பிரித்துக் கொடுப்பது நம் வீடுகள் பலவற்றிலும் உள்ள முறைதான். நம் வழக்கில் இரண்டாவது பிள்ளை பிறந்தால்தான் தாய்வீட்டுக்கு முறை வரும். நடுப்பெயர் இருந்தால் ஒரே பிள்ளையிலேயே இரு வீட்டுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

இரு வீட்டையும் ஒரே எழுத்தில் அடக்கிய பெயரும் உண்டு. 1884இல் மிசூரி மாநிலத்தின் லமார் என்ற சிற்றூரில் பிறந்த ஹாரி எஸ். ட்ரூமனின் 'எஸ்' எந்தப் பெயரின் சுருக்கமும் அல்ல. அப்பா வழித் தாத்தா ஆண்டர்சன் ஷிப் ட்ரூமன், அம்மா வழித் தாத்தா சாலமன் யங். ஷிப்பா சாலமனா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர் மனம் புண்படும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே என்பதால் அந்த எழுத்தை மட்டும் வைத்துவிட்டார்கள். இரண்டு தாத்தாக்களும் அதைத் தமது என்று சொல்லிக்கொள்ளலாம்.

யுலிசஸ் எஸ். கிராண்ட்டின் 'எஸ்' வேறு வகை. 1822இல் ஹைரம் யுலிசஸ் கிராண்ட் என்று பெயரிடப்பட்டவர் அவர். 1839இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்கு அவரைப் பரிந்துரைத்த காங்கிரஸ் உறுப்பினர் தாமஸ் ஹாமர், பையன் வீட்டில் யுலிசஸ் என்றே அழைக்கப்படுவது தெரிந்து, தாயின் பிறந்த வீட்டுப் பெயரான சிம்ப்சன் நடுப்பெயராக இருக்கும் என்று தாமாகவே அனுமானித்து எழுதிவிட்டார். கல்லூரி திருத்த மறுத்தது. ஹாமர் ஏன் அப்படி நினைத்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மகனின் நடுப்பெயர் தாயின் குடும்பப் பெயராகத்தான் இருக்கும் என்பது அந்தக் காலத்தில் ஊகிக்கக்கூடிய அளவுக்கு ஊறிப்போன வழக்கம். சொந்தப் பெயரின் முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் சேர்த்துப் படித்தால் 'கட்டிப்பிடி' என்று பொருள்படும் சொல் வந்துவிடும், சக மாணவர்கள் கேலி செய்வார்கள் என்று அந்த இளைஞனுக்கு ஏற்கெனவே ஒரு பயம் இருந்ததாகச் சொல்வார்கள். பெயர் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் முதலெழுத்துகளைச் சேர்த்து எழுதிப் பார்ப்பது இன்றைக்கும் வீண் வேலை அல்ல.

இனி ஓசை.

ஆங்கிலப் பேச்சில் ஒரு சொல்லின் எல்லா அசைகளும் சமமாக ஒலிப்பதில்லை. ஓர் அசை ஓங்கும், மற்றவை தணியும். தமிழில் குறிலும் நெடிலும் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அங்கே அழுத்தம் செய்கிறது. ஆன் கட்லர், ஜேம்ஸ் மெக்வீன், கென் ராபின்சன் என்ற மொழியியலாளர்கள் 1990இல் ஆங்கில ஆண் பெயர்களையும் பெண் பெயர்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். பெண் பெயர்களைவிட ஆண் பெயர்களில் ஓரசைப் பெயர்கள் அதிகம், முதல் அசையில் அழுத்தம் விழுவதும் அதிகம் என்பது அவர்கள் கண்டது. ஜான், ஜேம்ஸ், மார்க், வில்லியம், தாமஸ் என்று அடுக்கிப் பார்த்தாலே அது புலப்படும். ஆண் குழந்தைக்கு நடுப்பெயர் தேடுவதில் உள்ள சிக்கல் இங்கிருந்துதான் வருகிறது. முதற்பெயரும் குட்டை, குடும்பப் பெயரும் குட்டை, நடுவிலும் ஓரசை என்றால் மூன்று அடி அடித்தாற்போல் நின்றுவிடும். மூன்றும் ஈரசை, மூன்றிலும் அழுத்தம் முதலில் என்றால் ஒரே தாளம் தட்டும்.

இஸம்பார்ட் கிங்டம் புருனெல் என்ற பெயரை ஆங்கிலேயர் உச்சரிப்பில் சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் 'இ' ஓங்கி, அடுத்த இரண்டு அசைகள் தணிகின்றன. நடுச்சொல்லில் 'கிங்' ஓங்கி, 'டம்' தணிகிறது. கடைசிச் சொல் பிரெஞ்சு வழி வந்ததால் அழுத்தம் அதன் இறுதியில் விழுகிறது: 'புரு' தணிந்து 'னெல்' ஓங்குகிறது. ஆக ஓங்கும் மூன்று இடங்களுக்கு நடுவே சரியாக இரண்டிரண்டு தணிந்த அசைகள். கவிதை வரிக்குரிய ஒழுங்கு அது. அங்கே கிங்டமை எடுத்துவிட்டு ஜான் என்று ஓரசைப் பெயரைப் போட்டால் அந்த இடைவெளி குலையும். பெற்றோர் விரல் மடக்கி அசை எண்ணிப் பார்த்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தாயின் குடும்பப் பெயருக்கு அங்கே இடம் கொடுத்தார்கள். அது ஓசையிலும் அமைந்துவிட்டது.

ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட் கென்னடியிலும் இதைக் காணலாம். ஓங்கிய ஒற்றை அசை 'ஜான்'. பிறகு தணிந்த 'ஃபிட்ஸ்', ஓங்கிய 'ஜெ', தணிந்த 'ரால்ட்', மறுபடி ஓங்கும் 'கெ'. அலை எழுந்து விழுவதுபோல் மாறிமாறி வருகிறது. முதற்பெயர் ஓரசையாக இருந்தால் நடுப்பெயர் நீளலாம், அதுவும் தணிந்த அசையில் தொடங்கினால் நல்லது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முதற்பெயர் ஏற்கெனவே மூன்று அசை என்றால் நடுப்பெயர் ஒடுங்குவது நல்லது.

அசைகளைவிட அதிகம் தொல்லை தருவது சொற்கள் சந்திக்கும் இடம். ஒரு பெயர் முடியும் ஒலியிலேயே அடுத்த பெயர் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கவிஞர் டி. எஸ். எலியட்டின் முழுப்பெயர் தாமஸ் ஸ்டேர்ன்ஸ் எலியட். தாமஸின் இறுதி 'ஸ்' ஸ்டேர்ன்ஸின் முதல் 'ஸ்'ஸுக்குள் கரைந்துபோகிறது; இரண்டையும் தனித்தனியே கேட்கச் செய்ய வேண்டுமென்றால் நடுவில் நின்று மூச்செடுக்க வேண்டும். ஓசையை மட்டும் பார்ப்பவர்கள் இந்தச் சேர்க்கையை ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் 1888இல் செயின்ட் லூயி நகரில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்த அவருக்கு அது தாய் சார்லட் ஸ்டேர்ன்ஸின் குடும்பப் பெயர். அவரும் அதைக் கடைசிவரை விடவில்லை. தொடக்க காலத்தில் டி. ஸ்டேர்ன்ஸ் எலியட் என்று கையெழுத்திட்டதுகூட உண்டு. ஓசை இடறினாலும் ஆளுக்காகப் பெயர் நின்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஓசை ஒத்துவராதபோது பெயரை மாற்றுவதற்கு முன் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். இதைப் பலர் தாங்களாகவே செய்திருக்கிறார்கள். டேவிட் ஹென்றி என்று பெயரிடப்பட்ட எழுத்தாளர் தோரோ, கல்லூரி முடித்தபின் ஹென்றி டேவிட் ஆனார். டேவிட் டுவைட் ஐசன்ஹோவர் என்று 1890இல் பிறந்தவருக்கும் தந்தைக்கும் ஒரே முதற்பெயர். வீட்டில் குழப்பம் வரக்கூடாதென்று தாய் அவரை டுவைட் என்றே அழைத்தார், பிறகு ஏட்டிலும் அதுவே முன்னால் வந்தது. பீட்டில்ஸ் குழுவின் ஜேம்ஸ் பால் மெக்கார்ட்னிக்கும் தந்தை பெயர் ஜேம்ஸ் என்பதால் பால் என்ற நடுப்பெயர்தான் புழக்கத்துக்கு வந்தது. ஜார்ஜ் பெர்னார்ட் ஷாவுக்கு, தந்தையிடமிருந்து வந்த ஜார்ஜ் என்ற பெயர் அறவே பிடிக்காது. பெர்னார்ட் ஷாவாகவே வாழ்ந்தார். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதற்காக, தாத்தா பெயரை ஏட்டில் வைத்துவிட்டு வேறொரு பெயரில் பிள்ளையைக் கூப்பிட்ட தமிழ் வீடுகளுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. நடுப்பெயரை எப்போதாவது எழுதிவிட்டுப் போகும் உறுப்பாக நினைப்பவர்கள், பிள்ளை ஒருநாள் அதையே தன் பெயராக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தனியே நின்று அழைக்கத் தகுதியான பெயரா அது?

எட்கர் ஆலன் போவின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். 1809இல் எட்கர் போ என்று மட்டும் பெயரிடப்பட்டவர். மூன்று வயது நிறையும் முன்பே தாயை இழந்தார். ரிச்மண்ட் நகர வணிகர் ஜான் ஆலன் வீட்டில் வளர்ந்தார். ஆலன் அவரைச் சட்டப்படி தத்தெடுக்கவே இல்லை. வளர்ந்தபின் இருவருக்கும் கடுமையான பகை மூண்டது. ஆலனின் உயிலில் அவருக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் வளர்த்த வீட்டின் பெயர் அவருடைய பெயரின் நடுவில் என்றைக்குமாக நின்றுவிட்டது. பெற்றவர் பெயர் கடைசியில், வளர்த்தவர் பெயர் நடுவில். நடுப்பெயர் என்ற இடம் இல்லாத வழக்கத்தில் இந்த இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியிருந்திருக்கும்.

நடுப்பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாத நாடுகளும் உண்டு. ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு லேவ் நிக்கலாயெவிச் தல்ஸ்தோய், ஃபியோதர் மிகாய்லவிச் தஸ்தயேவ்ஸ்கி என்ற பெயர்களின் நடுப்பகுதி தந்தையின் பெயரிலிருந்து வருவது என்பது தெரிந்திருக்கும். அங்கே நடுப்பெயர் பிள்ளை பிறக்கும் முன்பே முடிவாகிவிட்டது. அதற்கு ஒத்துப்போகும் முதற்பெயரைத்தான் தேட வேண்டும். ஆண் பிள்ளை என்றால் இன்னொரு தலைமுறையையும் யோசிக்க வேண்டும், அவன் பெயர்தான் பேரக்குழந்தைகளின் நடுப்பெயராகப் போகிறது. பிலிப்பைன்சில் தாயின் குடும்பப் பெயர்தான் நடுப்பெயர். ஃபெர்டினண்ட் எட்ராலின் மார்க்கோஸின் தாய் ஹோசெஃபா எட்ராலின். ஆங்கிலேயர் விருப்பமாகச் செய்ததை அங்கே முறையாகவே வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே மராட்டியரும் குஜராத்திகளும் நடுவில் தந்தையை வைப்பவர்கள். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர், சுனில் மனோகர் கவாஸ்கர், சச்சின் ரமேஷ் டெண்டுல்கர். தந்தை நடுவிலும் தந்தையின் குடும்பம் கடைசியிலும் என்று இரண்டு இடத்தையும் ஒரே வழி எடுத்துக்கொண்ட இந்த அமைப்பில் 2024இல் ஒரு மாற்றம் வந்தது. அந்த ஆண்டு மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் அரசு ஆவணங்களில் பிள்ளையின் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையில் எழுத வேண்டும் என்று மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தது. பிரெய்ன்ட்ரீயில் ஒரு பாட்டி கேட்டுப் பெற்றதை இங்கே ஓர் அரசு எல்லாத் தாய்மாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறது. தாய்வீட்டுத் தாத்தாவின் பெயரைவிடத் தாயின் பெயரே நேரடியாக வருவது ஒரு படி மேல் என்றே நான் கருதுகிறேன்.

தமிழர்களிடம் நடுப்பெயர் இல்லை, முன்னெழுத்து இருக்கிறது. அந்த முன்னெழுத்துக்குள் எவ்வளவு அடங்கும் என்பதற்கு ஏ. பி. ஜே. அப்துல் கலாம் போதும்: அவுல் கொள்ளுத்தாத்தா, பக்கீர் தாத்தா, ஜைனுலாப்தீன் தந்தை. ஈழத் தமிழரின் தலைவராக விளங்கிய எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் முழுப்பெயர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். கிறித்தவப் பெயர்கள் இரண்டு, தந்தை பெயர் ஒன்று, தமக்கே உரிய தமிழ்ப் பெயர் ஒன்று. இவற்றில் தாய் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. இப்போது தாயின் முன்னெழுத்தையும் சேர்த்து எழுதுவோர் பெருகிவருகிறார்கள், மகிழ்ச்சி. ஆயினும் இரண்டு எழுத்துகளில் ஒன்றாக ஒடுங்கி நிற்பது வேறு, முழுப்பெயராக நிற்பது வேறு.

அமெரிக்காவிலோ கனடாவிலோ பிள்ளை பெறும் தமிழ்த் தம்பதியருக்கு இந்தக் கேள்வி மருத்துவமனைப் படிவத்தில் நேருக்கு நேர் வருகிறது. முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் தந்தையின் பெயரோ தந்தைவழித் தாத்தாவின் பெயரோ போய்விடும். நடுக்கட்டத்தைச் சிலர் காலியாக விடுகிறார்கள், சிலர் தந்தையின் பெயரை அங்கேயும் நிரப்பி, தாத்தாவைக் கடைசியில் தள்ளுகிறார்கள். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அந்தக் கட்டத்தை எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பது தெரிந்தால், அது தாயின் பெயருக்கோ அவள் வீட்டுப் பெரியவர் பெயருக்கோ உரிய இடம் என்று முடிவெடுப்பது எளிதாகும். மாஹேயில் பிறந்து பிலடெல்ஃபியாவின் புறநகரில் வளர்ந்த இயக்குநர் மனோஜ் நெல்லியாட்டு ஷியாமளன், அந்த இடத்தில் நைட் என்ற சொல்லைத் தானாகவே இளமையில் வைத்துக்கொண்டார். பெற்றோர் வைத்தது இருந்தாலும் பிள்ளை தானே ஒன்றை வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த நாட்டில் அது புழங்கும் இடம்.

நம் பெயர்களுக்கு அழுத்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் சந்திப்பு விதி பொருந்தும். அர்ஜுன் நடராஜன் என்று சேரும்போது இரு பெயருக்கும் நடுவே உள்ள எல்லை மழுங்கும். ஆதித்யா ஆனந்தன் என்றால் இரண்டு நெடில்கள் மோதிக்கொள்ளும். அர்ஜுன் ஆனந்தன், ஆதித்யா நடராஜன் என்று மாற்றினால் இரண்டும் சீராக ஓடும். நடுவில் தாத்தா பெயர் முடிவாகிவிட்டதென்றால், ரஷ்யர்களைப் போல அதற்கேற்ற முதற்பெயரைத் தேடுவதே வழி. முதற்பெயர்களுக்குப் பஞ்சமில்லை; அந்தத் தாத்தாவுக்கு மாற்றுக் கிடையாது.

படிவத்துக்கு வெளியேயும் சில கட்டுப்பாடுகள் உண்டு. இந்திய பாஸ்போர்ட்டில் நடுப்பெயர் என்று தனிக் கட்டமே இல்லை. குடும்பப் பெயர், இடுபெயர் என இரண்டுதான். பாஸ்போர்ட்டின் அடியில் கணினி படிக்கும் வரியில் முழுப்பெயருக்கும் சேர்த்து 39 இடங்களே. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு அட்டை முதற்பெயரையும் நடுப்பெயரையும் ஒரே வரியில் அச்சிடுகிறது. அந்த வரியில் 26 இடங்கள். அந்தத் துறை நடுப்பெயரைச் சட்டப்பூர்வப் பெயரின் பகுதியாகக் கொள்வதும் இல்லை. 1628இன் கோக் இன்னும் அங்கே இருக்கிறார். வேங்கடசுப்பிரமணியன் என்பது தாத்தாவின் பெயர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் அதற்கு 18 எழுத்து. அர்ஜுன் என்று முதற்பெயர் வைத்தால் இடைவெளியும் சேர்த்து 24; வரிக்குள் அடங்கிவிடும். கார்த்திகேயன் என்று வைத்தால் 30. அடங்காது, தாத்தாவின் பெயர்தான் வெட்டுப்படும். சுப்பிரமணியன் என்று மட்டும் எழுதினால் கார்த்திகேயனோடு சேர்த்து 23 ஆகிவிடும். வேங்கடத்தை விடலாமா என்பதைப் பிள்ளையின் தாயும், முடிந்தால் பாட்டியும் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன் படிவத்தைக் கேட்பார்கள் என்பதால், அதைக் கேட்கும் தொலைபேசி அழைப்பைப் பிரசவத்துக்குப் பல வாரங்கள் முன்பே போட்டுவிடுவது நல்லது.